ஒரு விரல் வைத்துப் பார்த்திருக்கலாம்

அக்காவுக்கு வாய் கோணியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு. அந்த ஏழரையில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பாம்பனில் அவர்கள் தெருவுக்குப் பள்ளிக்கூட வேன் வருகிற நேரம் அது. வேன் ஹாரன் அடித்தபோது அக்கா வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். வலது கையிலிருந்த டம்ளர் நழுவி வலது தொடையில் கொட்டியது. கொதிக்கிற டீ. அவள் சத்தம் போடவில்லை. டம்ளர் உருண்ட சத்தம் கேட்டுத்தான் மச்சான், அக்காவின் கணவர், வெளியே வந்து பார்த்திருக்கிறார். வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை செத்த மீன் மாதிரி மடியில் கிடந்தது. "என்ன செய்யுது?" என்று கேட்டதற்கு அவள் ஏதோ சொன்னாள். அது எந்த மொழியும் இல்லை.

அவளுக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. நான் அவளைவிட நான்கு வயது இளையவள். ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறேன். இதயத்துக்கு நான்கு அறைகள், மூளைக்கு இரண்டு அரைக்கோளங்கள் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் படம் போடுகிறவள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதில் நான் யார் யார் மீதோ கோபப்படப் போகிறேன். அந்த வரிசையில் என் பெயரும் இருக்கிறது.

ஏழரை மணிக்குப் பிறகு நடந்தவற்றை நான் பிற்பாடு ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சேகரித்தேன். முதலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடினார்கள். பித்த மயக்கம் என்று ஒருத்தி சொல்ல, சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வாயில் ஊற்றினார்கள். விழுங்கத் தெரியாமல் அவளுக்குப் புரையேறி, முகம் நீலம் பாரித்துப்போனது. அப்புறம் ஒருவர் இது வாதம் என்றார். உச்சிப்புளிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வாதத்துக்கு மருந்து போடுகிற ஆள் இருக்கிறார் என்பது மச்சானுக்கே தெரியும். அவருடைய அய்யாவுக்கு ஒருமுறை கை இழுத்துக்கொண்டபோது அங்கேதான் கொண்டுபோனார்களாம். மறுநாளே கை சரியாகிவிட்டதாம். சில பேருக்கு அடைப்பு தானாகவே கரைந்து கை கால் திரும்பிவிடும் என்பதும், யாரிடம் போயிருந்தாலும் போகாவிட்டாலும் அந்தக் கை சரியாகியிருக்கும் என்பதும் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் முப்பது வருஷமாக அந்த ஆள் அவர்கள் வீட்டில் தெய்வம்.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார்கள். அங்கே ஏற்கெனவே நான்கு பேர் காத்திருந்தார்கள். முறை வந்ததும் அவர் ஒரு புறாவை அறுத்து, சூடு ஆறுவதற்குள் ரத்தத்தை அக்காவின் தோளிலிருந்து விரல்நுனி வரைக்கும் தேய்த்தார். அதன் மேல் பச்சிலை அரைத்துப் பூசினார். காயும்வரை ஆளை அசைக்கக் கூடாது என்றார்.

எனக்கு மச்சானிடமிருந்து போன் வந்தது பத்து இருபதுக்கு. இரண்டாம் பாடவேளை முடிந்து வெளியே வந்தவள் எடுத்தேன்.

"உங்க அக்காவுக்கு லேசா வாதம் மாதிரி வந்துருச்சும்மா. மருந்து போட்டாச்சு. நீ பதறாத. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து பாத்துக்க."

எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டேன். ஏழரை என்றார். அந்த நடைபாதையில் நின்று நான் கத்தியதை வகுப்புக்குள் இருந்த பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். உடனே வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவாருங்கள் என்றேன். காயட்டும், அரை மணி நேரம்தானே என்றார். ரத்தம் போகாத மூளைக்கு அரை மணி நேரம் என்றால் என்ன என்று போனில் பாடம் நடத்த முடியுமா? திரும்பத் திரும்பப் போன் போட்டுக் கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் அவள் செத்துப்போனால் உங்களை நான் சும்மா விட மாட்டேன் என்றேன். அந்த வார்த்தைக்குத்தான் அவர் அசைந்தார். அதற்குள் மணி பதினொன்று இருபது.

ராமநாதபுரத்தில் நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன். அவர்கள் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு பத்து. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அக்காவின் வலது கை முழுவதும் காய்ந்த ரத்தம். பார்த்தவர்கள் விபத்து என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆளை அடையாளம் தெரிகிறது, பேர் வரவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா. அவர் முதலில் கேட்டது நோயைப் பற்றி இல்லை, நேரத்தைப் பற்றி. "கடைசியா இவங்க நல்லா இருந்ததை யாரு பாத்தது? எத்தனை மணிக்கு?"

எனக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். ரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று உண்டு. அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஏழரையோடு நாலரையைக் கூட்டினால் பன்னிரண்டு. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பதினைந்து. ஒன்பது மணி என்று சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, வாய் வரைக்கும் வந்துவிட்டது. மச்சானைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் புரிந்துகொள்ளாமல், "ஏழரை டாக்டர். பிள்ளைக வேன் வந்துச்சு," என்றார்.

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இங்க பாருங்கம்மா, நேரத்தக் குறைச்சுச் சொல்லலாம்னு பல பேருக்குத் தோணும். நேரம் கடந்தப்புறம் அந்த மருந்தப் போட்டா, செத்துப்போன இடத்துல ரத்தம் கசிஞ்சு ஆளே போயிருவாங்க," என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லை. எனக்குத் தலை குனிந்துவிட்டது.

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். சி.டி. ஸ்கேன் என்பது பெரிய வடை மாதிரி ஓட்டையுள்ள எந்திரம். அதற்குள் தலையை அனுப்பி இரண்டு நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள். ஸ்கேன் அறையிலிருந்து வந்த ஒருவர், "ரத்தக்கசிவு இல்ல, நார்மலாத்தான் தெரியுது," என்று மச்சானிடம் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல். மச்சான் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துவந்து என்னிடம், "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்ல. அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். அங்கன போட்ட மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு போல," என்றார்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தக் கோபம் அவர் மேல் மட்டும்தானா? கை அசையவில்லை, பேச்சு வரவில்லை, அந்த நிலையில் கிடக்கிற ஒருத்தியின் புருஷனிடம் "நார்மல்" என்ற சொல்லைப் போட்டுவிட்டு நடந்துபோன ஆளை என்ன சொல்வது? கடல் தொழில் செய்கிற மனுஷனுக்கு நார்மல் என்றால் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

டாக்டரம்மாதான் எங்கள் இருவரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தாலும் கை கால் விழும், அடைத்தாலும் விழும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வைத்தியமோ நேர் எதிர். வெடித்திருந்தால் ஸ்கேனில் உடனே வெள்ளையாகத் தெரிந்துவிடும். அதைப் பார்க்கத்தான் முதலில் இந்த ஸ்கேன். அடைப்பு என்றால் முதல் சில மணி நேரம் மூளை பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். உள்ளே செத்துக்கொண்டிருக்கும், படத்தில் தெரியாது. இதைச் சொல்லிவிட்டு அவர் பேனா முனையால் திரையில் ஓர் இடத்தைத் தொட்டார். இடது பக்கம், நடுவில், நகத்தின் நுனி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. வலது பக்கம் அதே இடத்தில் அந்தக் கோடு இல்லை.

"இதுதான் கட்டி. குழாய்க்குள்ள உக்காந்திருக்கு. பேச்சும் வலது கையும் இந்தக் குழாயை நம்பித்தான் இருக்கு."

மச்சான் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார்.

ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது. மதுரையில் தொடை வழியாகக் கம்பியை விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கிற வசதி உண்டு, சிலருக்கு நேரம் கடந்தும் அது பலன் தரும், போய்ப் பார்க்கலாம் என்று டாக்டரம்மாவே போன் போட்டு ஏற்பாடு செய்தார். ஆம்புலன்ஸில் அக்காவின் காலடியில் நான் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் ஈரத் துணியால் அவள் கையிலிருந்த புறா ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே போனேன். விரல் இடுக்கில் இருந்தது போகவே இல்லை.

மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ராமநாதபுரத்துப் படத்தில் ஒழுங்காகத் தெரிந்த அதே இடது பக்கம், இந்தப் படத்தில் விளக்குப் போட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு உள்ளங்கை அகலம். வெள்ளை என்றால் செத்துவிட்டது. செத்த பரப்பு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அடைப்பை எடுத்து ரத்தத்தைத் திறந்துவிட்டால் அது கசிந்து கெடுதல்தான் செய்யும், வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். மறுநாள் மறுபடியும் சி.டி. எடுத்தபோது அதே இடம் கறுத்துப்போய்க் கிடந்தது. முதல் படத்தில் நார்மல், கடைசிப் படத்தில் பாதி இடது மூளை கறுப்பு. நடுவில் ஒரு நாள்தான்.

இரண்டாம் நாள் அங்கிருந்த பெரிய டாக்டர் அக்காவின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். என்னிடம் திரும்பி, "சின்ன வயசுல இவங்களுக்குக் காய்ச்சலோட மூட்டு வீக்கம் வந்திருக்கா? ஒரு மூட்டு சரியாகி அடுத்த மூட்டுக்குப் போற மாதிரி?" என்றார்.

வந்திருக்கிறது. அவளுக்குப் பதினோரு வயது, எனக்கு ஏழு. முதலில் தொண்டை வலி. அது போய் இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல். முழங்கால் வீங்கியது, அது வற்றியதும் மணிக்கட்டு, அப்புறம் மறு முழங்கால். அம்மா வேப்பெண்ணெய் தேய்த்தாள். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்றார்கள். இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பப் போனபோது பரீட்சை முடிந்திருந்தது. அத்தோடு நிறுத்திவிட்டார்கள். அம்மாவோடு கடலில் பாசி எடுக்கப் போனாள். அவள் எடுத்த பாசியில்தான் நான் ஆசிரியர் பயிற்சி வரைக்கும் படித்தேன்.

அந்தக் காய்ச்சல் மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடித்துவிடும் என்று பெரிய டாக்டர் சொன்னார். அவளுடைய இதயத்தின் இடது பக்க வால்வு அப்போதே பழுதாகியிருக்கிறது. வருஷக்கணக்கில் அது தடித்துச் சுருங்கி, மேலறையில் ரத்தம் தேங்கி, அறை வீங்கி, துடிப்பு தாளம் தப்பியிருக்கிறது. தாளம் தப்பிய அறையில் ரத்தம் சுழன்று வெளியேறாது, ஓரத்தில் உறையும். அந்த உறைந்த துண்டுதான் ஒரு செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்குப் புறப்பட்டுக் கழுத்து வழியாக ஏறிப் போய் மூளையில் அடைத்திருக்கிறது. காரணம் மூளையில் இல்லை, இதயத்தில். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு தொண்டை வலியில்.

நான் அந்த வால்வைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! ஈரிதழ் வால்வு என்று பக்கத்தில் எழுதி அம்புக்குறி போட்டிருப்பேன். அக்கா அப்போதெல்லாம் என்னிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே தூங்குகிறேன் என்றாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு மூச்சு வாங்கும் என்றார்கள். பாசி எடுக்கிற பெண்களில் அவள்தான் நெடுநேரம் முங்கிக் கிடப்பாள். முப்பத்தெட்டு வயதில் முங்க முடியவில்லை என்று விட்டாள். "முங்குனா நெஞ்சுக்குள்ள மீன் துடிக்கிற மாதிரி இருக்குடி," என்று என்னிடமே சொன்னாள். நான் வயதாகிறதல்லவா என்றேன். அறிவியல் டீச்சர் சொன்ன பதில் அது.

என்னை விடுங்கள். படித்து, அதற்கென்றே உட்கார்ந்திருக்கிற ஒருவரிடமும் அவள் போயிருக்கிறாள். அவள் வழக்கமாகப் போகிற கிளினிக் ஒன்று உண்டு. இரண்டு வருஷத்தில் ஐந்து தடவை படபடப்பு என்று போயிருக்கிறாள். ஐந்து தடவையும் சத்து டானிக், தூக்க மாத்திரை. அந்தச் சீட்டுகளை வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றில்கூட நாடித் துடிப்பு எத்தனை என்று எழுதவில்லை. பெண்பிள்ளைகளுக்கு இந்த வயதில் இப்படித்தான் இருக்கும், வீட்டுக் கவலையைக் குறையுங்கள் என்று அறிவுரை வேறு.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பார்க்க வந்தவர்களிடம் நான் பட்டது தனிக் கதை. உச்சி வெயிலில் கடலில் கிடந்ததால் வந்தது என்றார்கள். ஈரத்தலையோடு தூங்கியதால் வந்தது என்றார்கள். யாரோ ஒருத்தி, புருஷனோடு சண்டை போட்டு மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டதால் வந்தது என்று அக்கா காதுபடவே சொன்னாள். அக்காவுக்குப் பேச்சுதான் போனது, காது போகவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அந்தப் பெண்ணை எழுந்து போகச் சொன்னேன். அதற்கு ஊரில் எனக்குத் திமிர் என்று பேர்.

அக்காவிடம் மிஞ்சியது ஒரே சொல், "இல்ல." தண்ணீர் வேண்டுமா என்றாலும் இல்ல, வேண்டாமா என்றாலும் இல்ல. பேர் சொல்ல வேண்டும் என்றாலும் அதுதான். ஆனால் மாதா கோயில் ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் வந்து ஜெபமாலை சொன்ன அன்று, அக்கா அவர்களோடு சேர்ந்து தடங்கல் இல்லாமல் முழு ஜெபத்தையும் சொன்னாள். சொற்கள் தெளிவாக வந்தன. எல்லோரும் அழுதார்கள், புதுமை, மாதா செய்த அற்புதம் என்றார்கள். எனக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் முன்பே சொல்லியிருந்தார்: மனப்பாடமாய்ப் பழகிய ஜெபமும் பாட்டும் எண்ணிக்கையும் சில பேருக்கு வரும், அது மூளையில் வேறு வழியாக வருவது, அதையே படியாக வைத்து மற்ற சொற்களுக்கு ஏற வேண்டும் என்று. புதுமை நடந்துவிட்டது, இனி எதற்குப் பயிற்சி என்று மச்சான் ஒரு மாதம் அக்காவை மதுரைக்குக் கூட்டிப்போகாமல் இருந்துவிட்டார். அந்த ஒரு மாதத்துக்காக நான் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை ரத்தம் பரிசோதித்து அளவு மாற்ற வேண்டும். ஆறு மாதம் கழித்து, தொடை வழியாகப் பலூனை விட்டு வால்வையும் விரித்தார்கள். அது நன்றாக நடந்தது. அவள் காலை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கை மட்டும் மூடிய முஷ்டியாகவே இருந்துவிட்டது.

நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். சண்டை போட வேண்டும் என்றுதான் போனேன், மறைக்கவில்லை. டோக்கன் எடுத்து, முறை வந்து, உள்ளே போய் உட்கார்ந்தோம். அந்த டாக்டருக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. பிஸ்கட் டப்பாவிலிருந்த ஐந்து சீட்டுகளையும் மேஜை மேல் பரப்பினேன். அக்காவின் இடது கையை எடுத்து அதன் மேல் வைத்து, கொஞ்சம் நாடி பாருங்கள் என்றேன்.

அவர் பார்த்தார். முகம் மாறியது தெரிந்தது. தாளம் தப்பிய துடிப்பு அது. இப்போதும் அப்படித்தான் துடிக்கிறது, அதற்கென்று கொடுத்த மாத்திரையில் வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"இது எப்பலேருந்து இருக்கு?" என்றார்.

"அதத்தான் சார் நாங்களும் உங்ககிட்ட கேக்க வந்தோம்."

அவர் சீட்டுகளைப் புரட்டினார். தன் கையெழுத்தைத் தானே படித்தார். பிறகு, "நான் பாத்தப்ப இது இல்லாம இருந்திருக்கும்," என்றார்.

"இருந்துச்சா இல்லையான்னு பாத்தீங்களா?"

வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்றார். தனக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் தெரியுமா என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, வெளியே நாற்பது பேர் இருந்தார்கள். அதற்காக நான் அவரை மன்னித்தேனா என்றால் இல்லை. நாடி பார்க்க ஸ்கேன் வேண்டாம், எந்திரம் வேண்டாம், மதுரைக்குப் போக வேண்டாம். ஒரு விரல், அரை நிமிடம். நாற்பது பேரிடமும் அந்த அரை நிமிடத்தைத் திருடிச் சேர்த்தால் இருபது நிமிடம்தான் வருகிறது. அந்த இருபது நிமிடத்துக்கு என் அக்காவின் பேச்சு போயிருக்கிறது. இதை அவரிடம் சொன்னேனா என்றால் பாதிதான் சொன்னேன். அதற்குள் அக்கா எழுந்து நின்று, இடது கையால் ஐந்து சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

இது நடந்து ஒன்றரை வருஷம் கழித்து மச்சானுடைய முறை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மச்சான் பேச்சோடு பேச்சாக, காலையில் படகில் வலை இழுக்கும்போது இடது கை மரத்துப்போய்விட்டது, பத்து நிமிஷம் அசைக்க முடியவில்லை, அப்புறம் தானாகச் சரியாகிவிட்டது என்றார். சொல்லிவிட்டு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். நான் தட்டை வைத்துவிட்டு, உடனே கிளம்புங்கள் என்றேன். இப்படிப் பத்து நிமிஷம் வந்து போவது எச்சரிக்கை, அடுத்தது பெரிதாக வரலாம், இன்றைக்கே வரலாம் என்றேன்.

"சரியாப் போச்சுல்ல. இங்கன பாரு, நல்லா அசையுது. நாளைக்குத் தொழிலுக்குப் போகணும், செவ்வாய்க்கிழமை வாரேன்."

இரண்டு பாக்கெட் பீடி ஒரு நாளைக்கு. கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. ஒருமுறை முகாமில் பி.பி. அதிகம் என்று கொடுத்த மாத்திரையை, தலைவலி நின்றதும் அவரே நிறுத்திவிட்டார். பெண்டாட்டிக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போய் வரிசையில் நிற்கிற ஆள், தன் கையில் பி.பி. பட்டையைக் கட்டிப் பார்க்கச் சொல்லி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எனக்கு எதுவும் செய்யவில்லையே என்பார். பி.பி. வெளியே எதுவும் காட்டாது, அதுதான் அதன் குணம் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அன்றைக்கும் சொன்னேன், உரக்கச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த துண்டு மீனை எடுத்தார்.

அக்கா சாப்பாட்டிலிருந்து எழுந்தாள். காலை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மச்சானுடைய செருப்பை இடது கையில் எடுத்துவந்து, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர்கள் வீட்டில் செருப்பை உள்ளே கொண்டுவரும் வழக்கமே கிடையாது. பிறகு அவர் எதிரில் நின்று, மடங்கிப்போன தன் வலது கையை இடது கையால் தூக்கி, அவர் முகத்துக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்றாள்.   இறக்கவில்லை.

மச்சான் கையைக் கழுவினார்.

அன்றே ராமநாதபுரத்துக்குப் போனோம். பி.பி. பட்டை காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு நர்ஸ் இன்னொரு தடவை கட்டினார். எம்.ஆர்.ஐ.யில் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் அங்கங்கே பழைய புள்ளிகள் நான்கைந்து இருந்தன. அவருக்கே தெரியாமல் வந்துபோன சின்னச் சின்ன அடைப்புகள். கழுத்தில் வைத்துப் பார்க்கிற ஸ்கேனில் வலது பக்கத்துக் குழாயின் உள்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகியிருந்தது. அக்காவுக்கு இதயத்திலிருந்து வந்தது, இவருக்குக் கழுத்திலிருந்து வந்திருக்கிறது. அறுவைச் சிகிச்சை வேண்டியதில்லை, மாத்திரை போதும், பீடியை விட வேண்டும் என்றார்கள். மச்சான் தன்னுடைய மூளைப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நார்மலா என்று அவர் கேட்கவில்லை.

பீடியை முழுதாக விட்டாரா என்று எனக்குத் தெரியாது. என் முன்னால் குடிப்பதில்லை. மாத்திரையை மட்டும் தப்பாமல் போடுகிறார். அதற்குக் காரணம் நான் இல்லை. காலையில் அவர் டீக் குடிக்கிற நேரத்துக்கு அக்கா மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் விழுங்கும்வரைக்கும் நகராமல் நிற்கிறாள். அவளுக்கு இப்போது ஐம்பது அறுபது சொற்கள் வருகின்றன. கோபம் வரும்போது இன்னும் நாலைந்து கூடுதலாக வருகின்றன. அவற்றில் சிலதை நான் இங்கே எழுத முடியாது. உச்சிப்புளிப் பக்கத்து ஆளைப் பற்றி யாராவது அவள் முன்னால் பேச்செடுத்தால், அந்தச் சொற்கள் நன்றாகவே வெளியே வருகின்றன.